ஸ்கவுட் மாஸ்டர் பாஸ் பண்ணிய பெடியள்

ரொறன்ரோவில் பேஸ்போலைப் பற்றி ஸ்கவுட் மாஸ்டர் அளவுக்குப் பேசியவரும் இல்லை. அவர் அளவுக்கு விடாமல் பிழையாகச் சொன்னவரும் இல்லை. வானிலை சொல்கிறவர்கள்கூட எப்போதாவது ஒரு நாள் தவறிப்போய்ச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மாஸ்டரிடம் அந்தக் கெட்ட பழக்கம் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் நானும் குகனும் அவரும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருந்தோம். நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, பின்னேரங்களில் கணக்கியல் படித்தேன். குகன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அவனிடம் கார் இருந்தது. அதனால் வீட்டில் அவன் சொல்லுக்கு மதிப்பு. அவனுக்கு உலகத்தில் எதுவும் பிடிக்காது. தேத்தண்ணி சூடு காணாது, சோறு குழைவு, பனி கூட, வெயில் கூட. மாஸ்டருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஊரில் மிருக வைத்திய இலாகாவில் இருந்தவர். கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் அரசாங்கப் பண்ணையில் கன்றுகளைப் பார்த்து, எது வளர்க்கத் தக்கது, எது தகாதது என்று சொல்வது அவருடைய உத்தியோகம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அது ரெலிபோன் பில்லுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய பேஸ்போல் அணிகள், ஊர் ஊராக ஆள் அனுப்பி இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்து வரச் செய்வார்கள். அப்படிப் பார்க்கிறவருக்கு ஸ்கவுட் என்று பெயர். மாஸ்டரை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை. தன்னைத் தானே நியமித்துக்கொண்டார். ஒருநாள் லிஃப்டில் மூன்றாம் மாடி அன்ரி "அண்ணை என்ன செய்யிறியள்?" என்று கேட்டதற்கு, வாளியைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டு, "நான் ஒரு ஸ்கவுட்" என்றுவிட்டார். அன்ரிக்குத் தெரிந்த ஸ்கவுட், கழுத்தில் துணி கட்டிக் கையில் தடி பிடிக்கிற சாரணர்தான். அடுத்த சனிக்கிழமை கட்டடத்துத் தாய்மார் எல்லாம் தங்கள் பிள்ளைகளின் கழுத்தில் தலையணை உறையைக் கட்டி எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

திருப்பி அனுப்ப மாஸ்டருக்கு மனம் வரவில்லை. சாரணருக்கு முடிச்சுப் போடப் பழக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்று: ஊசி போடும்போது நாம்பன் மாடு உதைக்காமல் காலைக் கட்டுகிற முடிச்சு. அதைப் பழக்கினார். திங்கட்கிழமை காலை மூன்றாம் மாடி அன்ரியின் மூத்த மகன், தம்பியைச் சாப்பாட்டு மேசைக் காலோடு கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். எந்தக் கத்தரிக்கோலுக்கும் அது மசியவில்லை. பிள்ளையை மேசையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றையிலிருந்து அவர் ஸ்கவுட் மாஸ்டர்.

அவருக்குப் பேஸ்போலில் ஆர்வம் இருந்தது என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. எங்கள் நகரத்து அணி அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் அடுத்தடுத்து இரண்டு முறை பெரிய கிண்ணத்தை வென்றபோது ஊரே தெருவில் இறங்கி ஆடியது. மாஸ்டர் ரீவியை நிறுத்திவிட்டுப் பருப்பு அவியப் போட்டார்.

"வெண்டவனைப் பாக்க என்ன கிடக்கு? அவனைத்தான் எல்லாரும் பாக்கினமே. நான் இனி வரப்போறவனைப் பாக்கிறன்."

வரப்போகிறவர்கள் வருவது ஜூன் மாதத் தொடக்கத்தில். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் விளையாடுகிற பெடியளைப் பெரிய அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அப்படி எடுபட்டவர்கள் முதலில் சின்ன ஊர்களில் உள்ள சின்ன அணிகளில் விளையாட வேண்டும். அவர்களில் பெரும்பாலானோர் பெரிய மைதானத்தைக் கடைசிவரை ரிக்கெட் வாங்கித்தான் பார்ப்பார்கள்.

டிராஃப்டுக்கு அடுத்த நாள் மாஸ்டர் வேலைக்கு லீவு. பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்து மூலையில், எறும்பு வரிசை போல, எங்கள் அணி எடுத்த பெடியளின் பெயர், உயரம், நிறை, ஊர் எல்லாம் வந்திருக்கும். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, அந்த வருடத்துப் பெடியளை ஒரு வகுப்பு மாதிரி மதிப்பிடத் தொடங்குவார். நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும்.

"ஆறடி நாலங்குலம். நல்ல வளர்த்தி. பாஸ்."

"அடுத்தது அஞ்சடி எட்டு, அண்ணை. கட்டை" என்பான் குகன்.

"கட்டையெண்டா நிலத்தோடை பிடிப்பு இருக்கும். நல்ல பாஸ்."

"இவனுக்கு முழங்காலிலை ஒப்பரேஷன் நடந்ததாம்."

"ஒருக்கா திருத்தின முழங்கால்தானே, இனிப் பழுதாகாது. கட்டாயம் பாஸ்."

"அண்ணை, உங்கடை சோதினையிலை பெயில் எண்டு ஒண்டு இல்லையோ?"

"இருக்கு. இன்னும் ஆரும் எடுக்கேல்லை."

ஒவ்வொரு வருடமும் வகுப்பு முழுவதும் சித்தியடைந்தது. ஒவ்வொரு வருடமும் ஒருவன்கூட மேலே வரவில்லை. மூன்று வருடங்களுக்கு முந்தைய "கட்டாயம் பாஸ்" ஒருவன் ஒஹாயோவில் மெத்தை விற்பதாக அறிந்து குகன் கொண்டாடினான். மாஸ்டர் அசையவில்லை. "அவன் இன்னும் பழுக்கேல்லையடா. பொறு" என்றார்.

நான் சொல்ல வந்த வருடத்தில், வகுப்பின் கடைசிப் பெயர் கோடி. எழுத்துப் பிழை இல்லை. பெடியனின் பெயரே அதுதான். சஸ்காச்சுவானில் எங்கோ ஒரு கிராமம். ஆறடி ஐந்து. இடது கையால் பந்து எறிகிறவன். அணிக்குக் கனடாப் பெடியன் ஒருவன் எடுபட்டிருக்கிறான் என்பதால் பத்திரிகை கீழே இரண்டு வரி கூடுதலாகப் போட்டிருந்தது: தகப்பன் மாட்டுப் பண்ணைக்காரர்.

மாஸ்டர் எழும்பி நின்றுவிட்டார். தேத்தண்ணி பத்திரிகையில் கொட்டுப்பட்டது.

"மாட்டுப் பண்ணை! கேட்டியளே? உவன் மேலை போவான். எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. உவனைக் கண்ணாலை பாக்கவேணும்."

கோடி விளையாடிய சின்ன அணி, நயாகரா போகிற வழியில் ஒரு சின்ன நகரத்தில் இருந்தது. ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை குகனின் காரில் புறப்பட்டோம். அந்தக் காரில் குளிரூட்டி கிடையாது. குளிர்காலத்தில் தானாகவே குளிரும். மாஸ்டர் கோட், கழுத்தில் ரை, தலையில் வைக்கோல் தொப்பி. வியர்வை நாடியால் சொட்டியது.

"கோட்டைக் கழட்டுங்கோவன் அண்ணை."

"இது உத்தியோகபூர்வமான பயணம்."

மைதானம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் அளவுதான். மரப் பலகை ஆசனங்கள், வெங்காயம் வதங்குகிற மணம். வேலிக்கு அருகில் வாத்து வேடம் போட்ட ஒருவர் சிறுவர்களுக்கு ஆடிக்காட்டிக்கொண்டிருந்தார். அடிக்கிற ஆள் நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம், வயதான சில வெள்ளைக்காரர்கள் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிப் பிடித்தபடி இருந்தார்கள். மாஸ்டர் குகனின் கையைப் பிடித்தார்.

"பொலிஸ்! டேய், ஸ்பீட்டிலையோ வந்தனீ?"

"என்ரை கார் ஸ்பீட்டிலை போகுமெண்டு பொலிசே நம்பாது அண்ணை."

பந்தின் வேகத்தை அளக்கிற கருவி அது. பிடித்திருந்தவர்கள் உண்மையான ஸ்கவுட்டுகள். அது விளங்கியதும் மாஸ்டர் ரையைச் சரிசெய்துகொண்டு, நேராகப் போய் அவர்கள் நடுவில் அமர்ந்தார். நாங்களும் பின்னால் போனோம். பல்லுக்குத்தும் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் திரும்பி மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

இனி இந்தக் கட்டுரையில் வெள்ளைக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள். நான் அவர்கள் பேச்சை அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

"நீர் ஆரோடை வந்தனீர்?" என்றார் கிழவர். எந்த அணிக்காக வந்திருக்கிறீர் என்று அர்த்தம்.

"குகனோடை" என்றார் மாஸ்டர்.

"குகன்... கேள்விப்படேல்லை. எந்தப் பக்கம்?"

"ஏசியா."

கிழவர் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். சற்று நேரத்தில் எங்களுக்கு மூன்று குளிர்பானம் வந்தது.

கோடி பந்து எறிய வந்தான். பனை மரத்துக்குக் காற்சட்டை போட்ட மாதிரி ஒரு பெடியன். முதல் பந்து, அடிக்கிறவன், பிடிக்கிறவன், நடுவர் எல்லோரையும் கடந்து எங்களுக்கு முன்னால் இருந்த வலையில் வந்து இடித்தது. ஸ்கவுட்டுகள் எல்லாம் குனிந்தார்கள். இரண்டாவது பந்துக்கு அடிக்கிறவன் உயிர் முக்கியம் என்று நிலத்தில் குந்திவிட்டான். மூன்றாவது பந்து எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அது பக்கவாட்டில் போய் வாத்தின் வயிற்றில் பட்டது. வாத்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாஸ்டர் எழும்பிக் கைதட்டினார். மைதானத்தில் கைதட்டியவர் அவர் ஒருவர்தான்.

"என்ன பலம்! பாத்தியளே, அந்தப் பெரிய வாத்து என்ன தூரம் போச்சு!"

கிழவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "உமக்கு உவனைப் பிடிச்சிருக்கோ?"

"வெரி வெரி பாஸ்" என்றார் மாஸ்டர். "குகனுக்கும் நல்ல விருப்பம்."

வாய் நிறைய ஹொட்டோக்கோடு இருந்த குகன், தன் பெயர் கேட்டுத் தலையை ஆட்டினான். கிழவர் எழும்பி எங்கோ அவசரமாகப் போனார்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் வேலியடியில் நின்று கோடியைக் கூப்பிட்டார். தன்னை ஸ்கவுட் என்று அறிமுகப்படுத்தி, காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்தச் சொன்னார். பெடியனும் வளர்ப்பு அப்படி, பெரியவர் சொன்னால் மறுக்காமல் உயர்த்தினான். மாஸ்டர் குனிந்து பார்த்து, திருப்பிப் பார்த்து, "திறம்" என்றார். பிறகு, வீட்டில் என்ன இன மாடு என்று கேட்டார்.

அவ்வளவு நேரமும் பிரேதம் மாதிரி நின்ற பெடியனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. குளம்புப் புண், பால் மறக்கிற கன்று, தாய் ஏற்காத கன்றைத் தாயிடம் சேர்க்கிற வித்தை என்று இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கதைத்தார்கள், கதைத்தார்கள், மைதானக்காரர் வந்து புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும்வரை கதைத்தார்கள். கோட்டோடு நனைந்த மாஸ்டர், திங்கட்கிழமை ஆட்டம் இல்லை என்று அறிந்து பெடியனைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

திங்கட்கிழமை குகன் போய்க் கோடியை ஏற்றி வந்தான். கட்டடமே வராந்தாவில் நின்றது. மூன்றாம் மாடி அன்ரி பிள்ளைகளை எண்ணெய் வைத்துச் சீவிக் கூட்டிவந்து, பெடியனின் இடுப்பளவுக்கு நிறுத்திப் படம் எடுத்தார். மாஸ்டர் விடியவே எழும்பி நண்டுக் கறி வைத்திருந்தார். வழக்கமான உறைப்புத்தான். "விருந்தாளியெண்டு குறைச்சுப் போட்டா மரியாதை இல்லை" என்றார்.

கோடி முதல் வாயை வைத்தான். காது சிவந்தது. கழுத்து சிவந்தது. கண்ணால் பொலபொலவென்று கொட்டியது. குகன் தண்ணீர் கொடுத்தான். அன்ரி ஓடிப்போய்த் தயிர் கொண்டுவந்தார். நான் ஐஸ்கிரீமைத் திறந்தேன். தயிர் முடிந்தது, ஐஸ்கிரீம் முடிந்தது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. கறியைத் தள்ளி வைத்தும் பெடியன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்போதுதான் அது உறைப்பு இல்லை என்று எங்களுக்கு விளங்கியது. அன்ரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெல்ல வெளியேறினார்.

"அங்கிள், என்னை ஏன் பாஸ் பண்ணினனீங்கள்?" என்றான் கோடி.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. நாங்கள் போன சனிக்கிழமை அன்றைக்குத்தான் அவனை அணியிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவதாக மனேஜர் முடிவு செய்திருந்தாராம். அவன் பெட்டிகூட அடுக்கிவிட்டான். ஆட்டம் முடிந்ததும் மனேஜர் கூப்பிட்டு, "நீ போகேலாது" என்றாராம். யப்பான் நாட்டிலிருந்து குகன் என்ற பெரிய கிளப் அவனைப் பார்க்க உத்தியோகத்தர்களை அனுப்பியிருக்கிறதாம். அதிலே ஒருவர் கோட் போட்டவராம். வாத்து விழுந்ததைப் பார்த்து எழும்பிக் கைதட்டினாராம். வேறொரு கிளப் இப்படி அலைகிறது என்றால் பெடியனிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று, அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை ஆட்டத்தை அவன்தான் தொடங்க வேண்டும்.

"யப்பான் கிளப்!" என்றான் குகன். கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான்.

"எனக்கு உந்த விளையாட்டு விருப்பமில்லை அங்கிள்" என்றான் கோடி. "உயரமா இருக்கிறன், கை நீளம் எண்டு எல்லாரும் சேர்ந்து என்னை இதுக்குள்ளை தள்ளிவிட்டவை. வீட்டிலை ஒரு பசு கண்டு போடப் போகுது. அது என்னைத் தவிர ஒருத்தரையும் கிட்ட விடாது. இரவிலை அதுதான் கனவிலை வருது."

"அப்ப விட்டிட்டுப் போவன்" என்றேன் நான்.

"ஏலாது. ஊரே பான்ட் வாசிச்சு அனுப்பினது. நானா விட்டிட்டுப் போனா நான் கோழை. அவையா அனுப்பினா நான் பாவம். அப்பா தோளிலை கை போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்."

குகன் மாஸ்டர் பக்கம் திரும்பினான். "அண்ணை, நீங்கள்தான் பாஸ் பண்ணினது. நீங்கள்தான் போய்ப் பெயிலாக்க வேணும்."

மாஸ்டரின் முகம் வெளிறிப்போனது. அவர் சமையலறைக்குள் போய், கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவத் தொடங்கினார். நான் பின்னால் போய் நின்றேன். அவர் தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடியே சொன்னார்.

"பண்ணையிலை நான் ஒரு கண்டை 'வளக்கக் காணாது' எண்டு சொன்னா, அடுத்த நாள் லொறி வரும். விளங்குதே? நான் சொல்லிக்கொண்டு நிக்க, அது என்ரை மற்றக் கையை நக்கிக்கொண்டு நிக்கும். ஒருநாள் எனக்கு ஏலாமல் போச்சுது. பிறகு ஒண்டையும் காணாது எண்டு சொல்லேல்லை. நொண்டி, குருடு, எல்லாம் பாஸ். பண்ணையிலை நிக்க இடமில்லாமல் மாடு ஒப்பீசுக்குள்ளை வந்திட்டுது. பெரியவரின்ரை கதிரைக்குப் பக்கத்திலை ஒரு நாம்பன் படுத்திருந்தது. என்னை இடம் மாத்திச்சினம்."

அவர் ஒரு கோப்பையைத் துடைத்து வைத்தார்.

"அந்தச் சொல்லு இப்ப என்ரை வாயிலை வராது, தம்பி."

புதன்கிழமை மூவரும் போனோம். வழி நெடுகக் குகன் அவருக்குப் பெயிலாக்கப் பயிற்சி கொடுத்தான். முன்னால் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்த ஒரு லொறியைக் காட்டினான்.

"அண்ணை, உந்த லொறி?"

மாஸ்டர் கண்ணை மூடினார். "ரயர் நல்லா இருக்கு. பாஸ்."

வழியில் ஒரு கடையில் கோப்பி வாங்கினோம். குகன் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பினான்.

"இது?"

"சூடா இருக்குதுதானே..."

"என்ரை கார்?"

"நம்பிக்கையான கார்."

"அண்ணை, போன கிழமை நடு ரோட்டிலை இறங்கித் தள்ளினனீங்கள்!"

"தள்ளினவுடனை போச்சுதே."

குகன் கையை விட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். நான் பின்னாலிருந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மைதானத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பல்லுக்குத்தும் குச்சிக் கிழவர் எங்களை மனேஜரிடம் கூட்டிப்போனார். மனேஜர் அலுமாரி அளவில் ஒரு மனிதர். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துக் கோதைத் துப்பியபடி இருந்தார். குகன் அன்றைக்கு மாஸ்டரின் இன்னொரு கோட்டைப் போட்டிருந்தான். தான் ஒரு கிளப் என்ற நினைவு அவனை விட்டுப் போகவே இல்லை. மனேஜரைக் கண்டதும் இடுப்பை வளைத்து, நிலத்தைத் தொடுகிற மாதிரி ஒரு வணக்கம் போட்டான்.

"நேரை விஷயத்துக்கு வாறன்" என்றார் மனேஜர். "உங்கடை கிளப்புக்கு உந்தப் பெடியன் வேணுமோ, வேண்டாமோ?"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தூரத்தில், மைதானத்தின் மூலையில், கோடி மற்றப் பெடியளோடு ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல், மைதானக்காரரின் கிழட்டு நாய்க்கு முன்னால் குந்தியிருந்து அதன் காதுக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். உண்ணி பிடுங்குகிறான் என்று மாஸ்டர் உடனே கண்டுகொண்டார்.

"நல்ல பெடியன்" என்று தொடங்கினார். குகன் அவருடைய காலை மிதித்தான்.

"கை பலம்" என்றார். திரும்பவும் மிதி.

"முழங்கால் திறம். மனம் அதைவிடத் திறம். எந்த மிருகமும் பயப்பிடாமல் கிட்ட வரும். ஆனா உந்தப் பந்து விளையாட்டுக்கு..."

நிறுத்தினார். மனேஜர் கொறிப்பதை நிறுத்தினார். கிழவர் குச்சியைக் கடிப்பதை நிறுத்தினார். மாஸ்டர் தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"உந்த விளையாட்டுக்கு உவன்... அப்சென்ட்."

"என்னது?"

"அப்சென்ட் ஐயா. பெயில் இல்லை. சோதினைக்கு உவன் வரவேயில்லை. உடம்பை மட்டும் இங்கை அனுப்பியிருக்கினம். ஆள் வீட்டிலை நிக்குது. அங்கை பாருங்கோ."

மனேஜர் திரும்பிப் பார்த்தார். நாய் கோடியின் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. பிறகு ஒரு விதைக் கோதைத் துப்பிவிட்டு, "நீர் சொல்லுறது எனக்கு விளங்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "யப்பானிலை எல்லாரும் இப்பிடித்தானோ கதைக்கிறவை?" என்று கேட்டார். குகன் இன்னொரு முறை வளைந்து வணங்கினான். கிளப்பின் பதில் அதுதான்.

அன்று பின்னேரமே கோடியை நிறுத்திவிட்டார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், கிண்ணம் வென்றவன் மாதிரி மாஸ்டரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். வைக்கோல் தொப்பி எங்கோ போய் விழுந்தது. அடுத்த நாள் ரொறன்ரோவிலிருந்து அவனுக்கு மேற்கே போகிற பஸ். ஒரு இரவு எங்கள் வீட்டில் தங்கினான். சோபா காணாமல், காலைச் சமையலறைக்குள் நீட்டிக்கொண்டு படுத்தான்.

அந்த வருடத்து வகுப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எல்லோரையும் பாஸ் பண்ணினால் ஒருவரையாவது சரியாகச் சொல்லத்தானே வேண்டும்? அதுவும் நடக்கவில்லை. முதலாவதாக எடுபட்டவன் தோளைப் பிரட்டிக்கொண்டு வக்கீலுக்குப் படிக்கப் போனான். கட்டை என்று குகன் சொன்னவன் பொலிசில் சேர்ந்தான். மற்றவர்களும் அங்கங்கே வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மாஸ்டர் அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஜூனிலும் பத்திரிகையோடு இருந்து எல்லோரையும் சித்தியடைய வைத்தார். சில வருடங்களில் தங்கை குடும்பத்தோடு ரெக்ஸ்டேல் பக்கம் போய்விட்டார். அங்கேயும் லிஃப்டில் யாரிடமோ தான் ஒரு ஸ்கவுட் என்று சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது கோடியை வழியனுப்பிய அந்த மத்தியானம். பஸ் நிலையத்தில் பெடியன் ஜன்னலால் கையை வெளியே போட்டு ஆட்டிக்கொண்டே போனான். அவ்வளவு நீளக் கை. பஸ் திரும்பிய பிறகும் கை தெரிந்தது. மாஸ்டர் அசையாமல் நின்றார். அடுத்த பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. அதற்கும் அசையவில்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விலக்கினோம். வீட்டுக்கு வந்ததும் சமைக்கப் போனார்.

மீன் குழம்பு. உப்பை எத்தனை தரம் போட்டாரோ தெரியாது. கடல் தண்ணீர் அதற்கு முன்னால் சர்பத். நான் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிரவில்லை. குகன் ஒரு வாய் வைத்தான். தேத்தண்ணியில் ஒரு சொட்டுப் பால் கூடினால் வீட்டை இரண்டாக்குகிறவன். இப்போது என்ன நடக்கப் போகிறதோ என்று நான் பார்த்திருந்தேன்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார் மாஸ்டர். அவர் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. கண் சிவந்திருந்தது.

குகன் விழுங்கினான். தண்ணீர் குடித்தான். பிறகு சோற்றுக் கோப்பையை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ அண்ணை."